ஈராக் மறுகட்டுமானமும் அதைக் கண்காணித்தவர்களும்

ஈராக்கின் பாலங்களும் மின்நிலையங்களும் குடிநீர்க் குழாய்களும் 30 ஆண்டுகளுக்குள் மூன்று முறை நொறுங்கின. 1991 வளைகுடாப் போரில் ஒரு முறை, 2003 அமெரிக்கப் படையெடுப்பிலும் அதைத் தொடர்ந்த கொள்ளையிலும் ஒரு முறை, 2014 முதல் 2017 வரை ஐ.எஸ். அமைப்போடு நடந்த போரில் இன்னொரு முறை. மூன்று முறையும் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். கட்டும் வேலையை யார் மேற்பார்த்தார்கள், எப்படி மேற்பார்த்தார்கள், அதனால் என்ன பயன் விளைந்தது என்பதற்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. பேரிடர் நிலத்தில் பொதுப்பணத்தைக் கண்காணிக்கும் தொழில் இன்று எந்த நாட்டில் நடந்தாலும், அதன் வழக்கங்களில் பல பாக்தாதில் அடிபட்டுக் கற்றவையே.

1991-இல் கூட்டுப்படைகளின் விமானத் தாக்குதல் ஆறு வாரம் நீடித்தது. நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பகுதி நின்றுபோனது. மின்சாரம் இல்லாததால் நீரேற்று நிலையங்களும் கழிவுநீர் நிலையங்களும் நின்றன. பாக்தாதில் டைக்ரிஸ் ஆற்றின் மேலிருந்த ஜும்ஹூரியா பாலம் உடைந்து விழுந்தது. பொருளாதாரத் தடையால் வெளியிலிருந்து உதிரிப்பாகம் எதுவும் வரவில்லை. ஈராக்கியப் பொறியாளர்கள் ஒரு நிலையத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தி மின்சாரத்தை மெல்ல மீட்டார்கள், பாலத்தையும் செப்பனிட்டார்கள். அந்த வேலைக்கு வெளியார் தணிக்கை எதுவும் கிடையாது. சதாம் உசேனின் கெடுபிடியே அங்கே மேற்பார்வையாக இருந்தது. செலவு எவ்வளவு, அதில் வீணானது எவ்வளவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் மின்வெட்டில் தவித்த பாக்தாத்வாசிகள் அந்தக் காலத்தை ஏக்கத்தோடு ஒப்பிட்டுப் பேசியதுண்டு. அந்தப் பெருமையில் உண்மை உண்டு. ஆனால் ஒட்டுப்போட்ட இயந்திரங்கள் அடுத்த பத்தாண்டில் தேய்ந்துகொண்டே போனதும் உண்மை. 2003-இல் அமெரிக்கர்கள் எதிர்பார்த்ததைவிட எல்லாமே மோசமாக இருந்ததற்கு அந்தத் தேய்மானம் முக்கியக் காரணம்.

வெளியார் கண்காணிப்பு 1996 இறுதியில் ஐ.நா.வின் 'உணவுக்கு எண்ணெய்' திட்டத்தோடு வந்தது. ஈராக் எண்ணெய் விற்கலாம். விற்ற பணம் ஐ.நா.வின் கணக்கில் சேரும். அதிலிருந்து உணவு, மருந்து, பின்னர் மின்சார, குடிநீர் உதிரிப்பாகங்கள் வாங்கலாம். ஒவ்வொரு கொள்முதல் ஒப்பந்தமும் நியூயார்க் வரை போய் வந்தது. 2003 வரை விற்ற எண்ணெயின் மதிப்பு சுமார் 6,400 கோடி டாலர். காகிதத்தில் இதைவிடக் கடுமையான கண்காணிப்பைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் பால் வோல்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு 2005 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சதாம் அரசுக்கு முறைகேடாகக் கட்டணமும் கையூட்டும் கொடுத்திருந்தன. மொத்தம் சுமார் 180 கோடி டாலர். அந்த அறிக்கையில் பெயர் வந்ததால்தான், குற்றச்சாட்டை மறுத்தபோதும், இந்தியாவின் வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் அந்தப் பொறுப்பை இழந்தார். ஐ.நா.வின் மேசை ஒப்பந்த விலையைப் பார்த்தது. அந்த விலைக்குள் ஒளிந்திருந்த பங்கைப் பார்க்கவில்லை.

2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்த சில நாட்களிலேயே அமைச்சகக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைக் கொள்ளையர்கள் சூறையாடினார்கள். மேசை நாற்காலியோடு கோப்புகளும் போயின. எந்த ஊரில் எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டும் வரைபடங்களே சில இடங்களில் இல்லாமற்போயின. செம்புக்காக உயர் அழுத்த மின்கம்பிகளை அறுத்தார்கள், கோபுரங்களைச் சாய்த்தார்கள். மே மாதம் பால் பிரெமர் தலைமையில் கூட்டணி இடைக்கால நிர்வாகம் பொறுப்பேற்றது. அமெரிக்க நாடாளுமன்றம் ஏப்ரலில் சுமார் 248 கோடி டாலரும் நவம்பரில் 1,840 கோடி டாலரும் மறுகட்டுமானத்துக்கு ஒதுக்கியது.

இது அமெரிக்கர்களின் வரிப்பணம். ஈராக்கியரின் சொந்தப் பணம் வேறு. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1483-ஆம் தீர்மானம் எண்ணெய் வருவாயையும் பழைய திட்டத்தின் மீதியையும் 'ஈராக் வளர்ச்சி நிதி' என்ற கணக்கில் சேர்த்து, செலவிடும் அதிகாரத்தை இடைக்கால நிர்வாகத்திடம் கொடுத்தது. அதைக் கண்காணிக்க ஐ.நா., பன்னாட்டு நாணய நிதியம், உலக வங்கி, அரபு வளர்ச்சி நிதியம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கொண்ட ஒரு வாரியம் அமைந்தது. தீர்மானம் வந்தது மே மாதம். வாரியம் முதலில் கூடியது டிசம்பரில். அதற்குள் பணம் ஓடத் தொடங்கிவிட்டது. எண்ணெய்க் குழாய்களில் அளவுமானி இல்லை, எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதே தெரியவில்லை என்று அந்த வாரியம் ஆண்டுக்காண்டு எழுதியது. அளவுமானி பொருத்தும் வேலையோ ஆண்டுக்காண்டு தள்ளிப்போனது.

ஈராக்கில் அப்போது இயங்கும் வங்கி முறை இல்லை. ஆகவே நியூயார்க்கிலிருந்து சுமார் 1,200 கோடி டாலர் ரொக்கமாக ராணுவச் சரக்கு விமானங்களில் வந்து இறங்கியது: 28 கோடிக்கும் மேற்பட்ட நோட்டுகள், எடை 363 டன். பிளாஸ்டிக் உறையிட்ட 100 டாலர் கட்டுகளை அமைச்சகங்களுக்கும் ராணுவத் தளபதிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் கொடுத்தார்கள். ரசீது பல நேரங்களில் ஒற்றைத் தாள். சில நேரங்களில் அதுவும் இல்லை.

1,840 கோடி டாலரை ஒதுக்கிய அதே சட்டம்தான் இடைக்கால நிர்வாகத்துக்கு ஒரு தலைமைக் கண்காணிப்பாளரையும் உண்டாக்கியது. 2004 ஜனவரியில் அந்தப் பதவிக்கு வந்தவர் ஸ்டூவர்ட் போவன், வழக்கறிஞர். ஜார்ஜ் புஷ் டெக்சாஸ் ஆளுநராக இருந்த நாளிலிருந்து அவரிடம் வேலை பார்த்தவர். தமக்கு வேண்டியவரையே காவலுக்கு வைக்கிறார் அதிபர் என்று பலரும் நினைத்தார்கள். அந்தக் கணிப்பு பொய்த்தது. ஜூன் 28 அன்று இடைக்கால நிர்வாகம் கலைந்தது; அக்டோபரில் அவருடைய அலுவலகம் 'ஈராக் மறுகட்டுமானச் சிறப்புத் தலைமைக் கண்காணிப்பாளர்' என்ற புதிய பெயரோடு தொடர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாடாளுமன்றத்துக்கு அறிக்கை, அதை எல்லோரும் படிக்க வெளியிட வேண்டும், அரபு மொழியிலும் வர வேண்டும் என்பது விதி. யாருடைய ஊரில் வேலை நடக்கிறதோ அவர்கள் மொழியில் தணிக்கை அறிக்கை வருவது அப்போது அரிதான வழக்கம்.

முதல் பெரிய அறிக்கை 2005 ஜனவரியில் வந்தது. ஈராக்கிய அமைச்சகங்களுக்குக் கொடுத்த 880 கோடி டாலர் எப்படிச் செலவானது என்பதற்குப் போதுமான கணக்கு இல்லை என்றது அது. அதிலிருந்த ஓர் எடுத்துக்காட்டு உலகெங்கும் பரவியது: ஓர் அமைச்சகத்தின் சம்பளப் பட்டியலில் 8,206 காவலர்கள்; நேரில் உறுதிசெய்ய முடிந்தது 602 பேரை. போரின் நடுவே, பதிவேடுகளே எரிந்துபோன நாட்டில், மேற்கத்திய முறைக் கணக்கைக் கேட்பது நடைமுறை அறியாத பேச்சு என்று பிரெமர் மறுத்தார். அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சம்பளம் நின்றால் கலவரம் வெடிக்கும் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் காவலர்களை எண்ணிப் பார்க்க மேற்கத்திய முறை எதுவும் தேவையில்லை. வரிசையில் நிற்க வைத்தால் போதும்.

பணம் காணாமற்போனதற்குக் குழப்பம் மட்டும் காரணமில்லை என்பதை ஹில்லா காட்டியது. பண்டைய பாபிலோனுக்கு அருகிலுள்ள அந்த நகரில் இடைக்கால நிர்வாகத்தின் தென்-மத்திய வட்டார அலுவலகம் இருந்தது. நூலகம், காவல் பயிற்சிக்கூடம் போன்ற வேலைகளுக்கான ரொக்கத்தை அங்கே கையாண்ட அமெரிக்க அதிகாரி, ஒரே ஒப்பந்ததாரருக்கு வேலைகளை ஒதுக்கிக் கையூட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் முன்பே மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர். அப்படிப்பட்டவரிடம் பெட்டிச் சாவி போனது எப்படி என்பது இன்றும் வியப்பே. தணிக்கையாளர்கள் கோப்புகளில் தொடங்கி மின்னஞ்சல்கள் வழியாக அந்தக் கூட்டத்தைப் பிடித்தார்கள். 2007-இல் அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறை கிடைத்தது. ராணுவ அதிகாரிகள் சிலரும் தண்டனை பெற்றார்கள்.

ஆனால் திருட்டால் போனதைவிட ஒப்பந்த முறையால் போனது பெரிது. தமிழ்நாட்டின் பொதுப்பணித்துறையில் வேலை எடுத்தவர்களுக்கு 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகம் தெரியும். பொறியாளர் வந்து, செய்த வேலையை அளந்து, அதில் எழுதிக் கையெழுத்திட்டால்தான் பில் நகரும். அந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. ஆனாலும் பணம் வேலையின் அளவுக்குப் பின்னால் நடக்கும். ஈராக்கில் 2004-இல் பெரிய அமெரிக்க நிறுவனங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இதற்கு நேர்மாறானவை. நிறுவனத்துக்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் அமெரிக்க அரசு ஏற்கும். அதற்கு மேல் ஊதியமும் தரும். வேலை நின்றிருந்த நாட்களிலும் முகாம், உணவு, தனியார் காவலர் செலவு ஓடிக்கொண்டிருந்தது. போர்க்களத்துக்கு வேறு எந்த விதிமுறையிலும் நிறுவனங்கள் வராது என்பது அரசு சொன்ன காரணம். அது சரியாகவே இருந்தாலும், அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள இரட்டிப்பு மேற்பார்வையாளர்கள் வேண்டும். இருந்தவர்களோ கைவிரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களும் சில மாதத்தில் ஊர் திரும்பினார்கள்.

விளைவை இரண்டு திட்டங்கள் தெளிவாகக் காட்டின. நாடு முழுவதும் 150 ஆரம்ப சுகாதார நிலையங்கள் கட்டும் வேலை 2004-இல் பார்சன்ஸ் நிறுவனத்துக்குப் போனது. ஒப்பந்த மதிப்பு 24.3 கோடி டாலர். பின்னர் எண்ணிக்கை 142 ஆகக் குறைந்தது. 2006 வசந்தத்தில் தணிக்கையாளர்கள் எண்ணியபோது 18.6 கோடி டாலர் செலவாகியிருந்தது. முடிந்த நிலையங்கள் 6. மீதியில் 14-ஐ மட்டும் அந்த நிறுவனமே முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு மற்றவற்றை அமெரிக்க அரசு அதன் கையிலிருந்து பறித்து உள்ளூர் ஒப்பந்ததாரர்களிடம் கொடுத்தது.

இரண்டாவது, கிர்கூக் எண்ணெய் வயல்களுக்கும் பைஜி சுத்திகரிப்பு ஆலைக்கும் இடையிலுள்ள அல் ஃபத்தா. அங்கே டைக்ரிஸ் மேல் இருந்த பாலத்தை 2003 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்தன. பாலத்தோடு அதில் பதித்திருந்த எண்ணெய், எரிவாயுக் குழாய்களும் அறுந்தன. பாலத்தைத் திரும்பக் கட்டுவதற்குப் பதிலாக, ஆற்றுப் படுகைக்கு அடியில் கிடைவாட்டில் துளையிட்டுக் குழாய் இழுப்பது என்று முடிவானது. மண்ணை மேலும் ஆராயாமல் இறங்க வேண்டாம் என்று நிலவியல் ஆலோசகர்கள் எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அடியில் இருந்தது தளர்ந்த கூழாங்கல்லும் சரளையும். துளை போடப் போட இடிந்து மூடிக்கொண்டது. துணை ஒப்பந்தத்தில் துளை நிலைத்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லாததால், துளையிட்ட நாட்களுக்கெல்லாம் பணம் போனது. ஒதுக்கிய 7.57 கோடி டாலரும் தீர்ந்தபோது வேலையில் சிறு பங்குதான் முடிந்திருந்தது. எச்சரிக்கை எழுதிய தாள் கோப்பிலேயே இருந்தது. மேற்பார்வை என்பது பெரும்பாலும் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதல்ல, முன்பே எழுதியதைப் படிப்பது என்பதற்கு அல் ஃபத்தாவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கோப்பு பார்ப்பது போதாது என்று 2005-இல் போவன் அலுவலகம் களத்துக்கு இறங்கியது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு பொறியாளர், ஒரு தணிக்கையாளர். பொறியாளர் சுவரைப் பார்ப்பார். தணிக்கையாளர் அந்தச் சுவருக்கான பில்லைப் பார்ப்பார். கவச வண்டிகள் சூழப் போனதால் ஓர் இடத்தில் தங்க முடிந்தது சில வேளை ஒரு மணி நேரம்கூட இல்லை. போகவே முடியாத இடங்களுக்கு வானிலிருந்து எடுத்த படங்களை வாங்கி, கட்டடம் எழும்புகிறதா என்று மாதாமாதம் ஒப்பிட்டார்கள். உள்ளூர்ப் பொறியாளர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிப் படமெடுத்து வரச் செய்தார்கள். அடையாளம் தெரிந்தால் அவர்கள் உயிருக்கு ஆபத்து. பாக்தாதில் பலத்த காவலுள்ள பசுமை வளையத்துக்குள்ளும் பாதுகாப்பு முழுமையாக இல்லை: 2008 மார்ச்சில் அங்கே விழுந்த ராக்கெட்டில் போவனின் தணிக்கையாளர் ஒருவர் காயமுற்று இறந்தார்.

பாக்தாத் காவல் கல்லூரியில் போவன் குழுவினர் கண்டது கட்டுமானத் துறையில் பாடமாகிவிட்டது. 7 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட விடுதிகளில் மாடிக் கழிப்பறைகளின் குழாய்கள் இணைப்பில் ஒழுகி, மலமும் சிறுநீரும் கீழ்த்தளக் கூரை வழியே சொட்டின. தியாலா மாகாணத்துக் கான் பனி சாத் சிறைச்சாலையில் 4 கோடி டாலர் செலவுக்குப் பின் மிஞ்சியது அரைகுறைக் கான்கிரீட். 2006-இல் ஒப்பந்தம் ரத்தானது, அடுத்த ஆண்டு வேலையே நின்றது. முடித்துப் பயன்படுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை என்று ஈராக் அரசு கைவிரித்தது. மோசுல் அணையின் அடித்தளச் செப்பனிடலுக்கான 2.7 கோடி டாலர் திட்டத்தில் வாங்கிய இயந்திரங்கள் பல, வேலைக்கு உதவாமல் கிடந்ததை 2007 அக்டோபர் அறிக்கை சொன்னது.

ஆய்வில் நல்லதும் வந்தது. எர்பிலின் இஃப்ராஸ் குடிநீர்த் திட்டம் சொன்னபடி முடிந்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. எர்பில் இருக்கும் குர்திஸ்தானில் துப்பாக்கிச் சண்டை இல்லை. பொறியாளர்கள் தினமும் வேலையிடத்தில் நிற்க முடிந்தது. அந்த ஒரு வேறுபாடே போதுமானதாக இருந்தது.

இந்தத் தொழிலின் வரலாற்றில் போவன் அலுவலகத்தின் மிகச் சிறந்த பங்களிப்பு, முடிந்துவிட்டதாக அறிவித்த திட்டங்களுக்குத் திரும்பிப் போனது. ஈராக்கில் அதுவரை மேற்பார்வை என்பது பெரும்பாலும் திறப்பு விழாவோடு முடிந்தது. 2007-இல் வெற்றி என்று பட்டியலிட்ட எட்டுத் திட்டங்களை ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தார்கள். ஏழு திட்டங்கள் வடிவமைத்தபடி இயங்கவில்லை. பாக்தாத் விமான நிலையத்தில் 17 புதிய மின்னாக்கிகளில் 10 நின்றிருந்தன. எர்பில் மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவக் கழிவை எரிக்கும் புத்தம்புதிய உலை பூட்டிக் கிடந்தது. அதை இயக்கப் பழகியவர்கள் யாருமில்லை. ஊசிகளும் கட்டுத் துணிகளும் கழிவுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தன. உலை வாங்கியதற்கான பில் சரி, பொருத்தியதும் சரி, ஒப்படைத்த கையெழுத்தும் சரி. கோப்பைப் பார்த்தவர் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒப்படைப்பும் பெரும்பாலும் ஒருதலையாகவே நடந்தது. 2007 ஜூலைக் கணக்கின்படி, 580 கோடி டாலர் மதிப்புள்ள 2,797 திட்டங்கள் முடிந்திருந்தன. அவற்றில் ஈராக் அரசு முறையாக ஏற்றுக்கொண்டவை 435, மதிப்பு 50.1 கோடி. மற்றவற்றை அமெரிக்கர்கள் மாவட்ட அதிகாரிகளிடம் விட்டுவிட்டு வந்தார்கள், அல்லது தாங்களே பராமரித்தார்கள். எதைக் கட்டுவது என்று கேட்காமல் கட்டியதை, வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைசியில் மட்டும் கேட்டால் யார் கையெழுத்திடுவார்கள்? திட்டங்களின் முழுப் பட்டியலே ஓரிடத்தில் இல்லை என்பது இதைவிடக் கேலி. அமெரிக்காவின் ராணுவப் பொறியாளர் பிரிவும் வளர்ச்சி உதவி நிறுவனமும் வெளியுறவுத் துறையும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. பொதுவாக உருவாக்கிய கணினிப் பதிவேடு அரைகுறையாகவே நிரம்பியது.

எல்லாக் குறைகளும் ஒரே இடத்தில் கூடியது ஃபல்லூஜாவில். 2004-இல் இரண்டு பெரும் சண்டைகளால் தரைமட்டமான அந்த நகருக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக் கழிவு தெருவில் ஓடி யூஃப்ரடீஸில் சேர்ந்தது. 3.25 கோடி டாலர் செலவில் 24,400 வீடுகளை இணைத்து 2006 ஜனவரியில் முடிப்பது என்று திட்டமிட்டார்கள். நகரில் துப்பாக்கிச் சூடு ஓயாத காலத்தில் தெருவைத் தோண்டத் தொடங்கினார்கள். வரைபடம் மாறியது, ஒப்பந்ததாரர்கள் மாறினார்கள், தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2008-இல் ஆய்வாளர்கள் போனபோது முதன்மைக் குழாய்கள் தெருவில் ஓடின. வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை இணைப்பு கொடுக்கப் பணம் ஒதுக்கவில்லை. வீட்டுக்காரர்களே தோண்டி இணைத்துக்கொள்ளட்டும் என்று எங்கோ தீர்மானித்திருந்தார்கள். அப்படி ஆளாளுக்குத் தோண்டினால் குழாய் முறை முழுதும் கெடும் என்று ஆய்வறிக்கை எச்சரித்தது. இணைப்புக்கு ஏற்பாடு செய்யும்படி சொன்னது. 2011-இல் திரும்பிப் பார்த்தபோது அமெரிக்கச் செலவு 10.8 கோடி டாலர்; இணைந்த வீடுகள் சுமார் 6,000. அறிக்கை வராமல் இருந்திருந்தால் அந்த 6,000 வீடுகளும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. கண்காணிப்பால் திட்டத்தை நடுவழியில் திருத்த முடிந்தது. ஆனால் தொடங்கும் முன் நிறுத்த முடியவில்லை. 2004-இல் அந்த வேலையிடத்தில் நின்று, இப்போது தோண்டாதே என்று சொல்லும் அதிகாரம் எந்தக் கண்காணிப்பாளரிடமும் இல்லை.

இந்தக் கதையில் ஈராக்கியரின் பங்கு வழக்கமாகச் சுருங்கிவிடுகிறது. அவர்களிடம் 1927 முதலே தலைமைத் தணிக்கை வாரியம் இருந்தது. வளர்ச்சி நிதியைக் கண்காணித்த பன்னாட்டு வாரியத்தைவிடவும் போவன் அலுவலகத்தைவிடவும் அரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. இடைக்கால நிர்வாகம் 2004-இல் நேர்மை ஆணையம் ஒன்றையும், அமைச்சகந்தோறும் தலைமைக் கண்காணிப்பாளர்களையும் சேர்த்தது. இந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். தணிக்கை வாரியத்தின் தலைவர் இஹ்சான் கரீம் 2004 ஜூலையில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். நேர்மை ஆணையத்தின் முதல் தலைவர் 2007-இல் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னபோது, ஆணையத்தின் ஊழியர்களில் 31 பேர் கொலையுண்டிருந்தார்கள். வெளிநாட்டுத் தணிக்கையாளர் கவச வண்டியில் வந்து போனார். உள்நாட்டுத் தணிக்கையாளர் மாலையில் அதே ஊரில் தம் வீட்டுக்கு நடந்து போனார்.

போவன் அலுவலகத்துக்கு வந்த ஆபத்து வேறு வகை. 2006-இல் பாதுகாப்புத் துறைக்கான அங்கீகாரச் சட்டம் ஒன்றின் உள்ளே, அந்த அலுவலகத்தை 2007 அக்டோபரில் மூடும்படி ஒரு பிரிவு அதிகம் பேர் கவனிக்காமல் நுழைந்தது. செய்தி வெளியானதும் இரு கட்சி உறுப்பினர்களும் கூடி டிசம்பரில் அதை மாற்றினார்கள். 2013 இலையுதிர்காலத்தில் அலுவலகம் மூடியபோது 220 தணிக்கைகளும் 170 கள ஆய்வுகளும் முடிந்திருந்தன. 80-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தார்கள். ஈராக்கில் அமெரிக்கா செலவிட்ட சுமார் 6,000 கோடி டாலரில் குறைந்தது 800 கோடி வீணானது என்பது போவனின் மதிப்பீடு. இதே வார்ப்பில் 2008-இல் ஆப்கானிஸ்தானுக்கும் ஒரு சிறப்புக் கண்காணிப்பாளர் அலுவலகம் எழுந்தது.

மூன்றாம் அழிவு 2014-இல் தொடங்கியது. ஐ.எஸ். பிடித்த மோசுலில் ஆற்றுப் பாலங்கள் ஐந்தும் 2017-க்குள் பயனற்றுப் போயின. 2018 பிப்ரவரியில் குவைத் மாநாட்டில் ஈராக் கேட்டது 8,800 கோடி டாலர். கிடைத்த வாக்குறுதி சுமார் 3,000 கோடி, அதிலும் பெரும்பகுதி கடன். இம்முறை பெரும் நிறுவனங்களுக்குப் பெரும் ஒப்பந்தம் என்ற வழி பின்னுக்குப் போனது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிலைப்படுத்தல் நிதி, நீரேற்று நிலையம், துணைமின்நிலையம், பள்ளி என்று சிறு வேலைகளை ஊர் நிர்வாகத்தின் பட்டியலிலிருந்து எடுத்து உள்ளூர் ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்தது.

மோசுல் அணையில் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஜிப்சம் பாறை மேல் நிற்கும் அந்த அணையின் அடியில் நீர் பாறையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். 1980-களிலிருந்து சிமெண்ட் கலவையை ஓயாமல் செலுத்தியாக வேண்டும். 2014 ஆகஸ்டில் சில நாள் ஐ.எஸ். பிடியில் இருந்தபோது அந்த வேலை தடைப்பட்டது. 2016-இல் இத்தாலியின் டிரெவி நிறுவனம் 27.3 கோடி யூரோ ஒப்பந்தத்தில் வந்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு வேலையிடத்திலேயே தங்கி மேற்பார்த்தது. இத்தாலியப் படையினர் காவல் நின்றனர். ஈராக்கியப் பணியாளர்கள் புதிய இயந்திரங்களை இயக்கப் பக்கத்திலேயே பழகினார்கள். 2019-இல் வேலை முடிந்து அவர்கள் கைக்கு வந்தது. 2007-இல் இயந்திரங்கள் உதவாமல் கிடந்த அதே அணை இது. இடையில் மாறியது இரண்டுதான்: பொறியாளர் அங்கேயே இருந்தார், இயக்கப் போகிறவர் தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தார்.

நாட்டின் மற்ற இடங்களில் அந்த ஏற்பாடு பரவவில்லை. 2018 கோடையில் பஸ்ராவில் கெட்ட குடிநீரால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2019 அக்டோபரில் மின்சாரமும் தண்ணீரும் வேலையும் கேட்டு, ஊழலை எதிர்த்து, பாக்தாதிலும் தெற்கு நகரங்களிலும் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அதே மாதம் ஈராக் நாடாளுமன்றம் அமைச்சகங்களின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகங்களை, ஊழலைத் தடுக்கத் தவறின என்று சொல்லி ஒட்டுமொத்தமாகக் கலைத்தது. நேர்மை ஆணையமும் 1927-இன் தணிக்கை வாரியமும் அந்தப் பொறுப்பில் எஞ்சின.